குடிநோயுள்ள பெண்ணைப் பூட்டிவைத்துத் திருத்த முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோயைப் பற்றிப் பத்திரிகைகளில் எது வந்தாலும் குடிப்பவர் கணவர், அடி வாங்குபவர் மனைவி என்றுதான் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் நிலைமை அதுதான், மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ஆம் ஆண்டு மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர். அதில் 20 லட்சம் பேர் ஆண்கள். மீதி 6 லட்சம் பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒன்று கேலி, இல்லாவிட்டால் ஒழுக்க உபதேசம். வீட்டில் ஒரு பெண் குடியில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்ற விவரம் மட்டும் யார் கைக்கும் கிடைப்பதில்லை. அதனால் குடும்பங்கள் பல வருடம் மூடி மறைக்கின்றன; விஷயம் வெடித்த அன்று அறைக்கதவைப் பூட்டி, இன்றோடு நிறுத்து என்கின்றன. மறைப்பது நோயை வளர்க்கும். பூட்டுவது ஆளையே கொன்றுவிடலாம்.

முதலில் உடம்பின் கணக்கு. மது உடலிலுள்ள நீரில் கரைந்து பரவும் பொருள். பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு கூடுதல், நீரின் பங்கு குறைவு. ஆகவே ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மதுவின் செறிவு அதிகமாக ஏறும். கல்லீரல் அழற்சியும், கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸும் ஆண்களைவிடக் குறைந்த அளவிலேயே, குறைந்த வருடங்களிலேயே வந்துவிடும். முதல் கோப்பைக்கும் காலையில் கை நடுங்கும் நாளுக்கும் இடையிலான காலமும் பல பெண்களுக்குச் சுருங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதை ‘டெலஸ்கோப்பிங்’ என்பார்கள். மார்பகப் புற்றுநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும்: தினமும் 10 கிராம் சுத்த ஆல்கஹால் உள்ளே போனால் அதன் ஆபத்து சுமார் 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது.

10 கிராம் என்றால் எவ்வளவு? குடித்த மில்லியை அதிலுள்ள ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 40 சதவீத மது 30 மில்லி என்றால் ஏறக்குறைய 9.5 கிராம். 8 சதவீத பீர் 500 மில்லி என்றால் 31 கிராமுக்கு மேல். ‘பீர்தானே’ என்பவர்கள் அந்தக் குவளையில் 30 மில்லி பெக் மூன்று இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். கறுப்புக் காபியோ குளிர்ந்த நீர்க் குளியலோ அதை விரட்டாது. இரவு 12 மணிக்கு 60 கிராம் குடித்து முடித்த தாய், காலை ஆறு மணிக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றும்போது போதை முழுதாக விலகாமல் இருக்கக்கூடும். தெளிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றலாம். ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

ஆண் குடித்தால் தெருவுக்குத் தெரியும். பெண் பெரும்பாலும் வீட்டுக்குள், தனியாக, எல்லோரும் வெளியே போன நேரத்தில் குடிக்கிறார். மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர், தண்ணீர் பாட்டில், அலமாரியில் மடித்த துணிகளின் அடியில் ஒரு காலி சீசா, நாளுக்கு நாலு தரம் வாய் கொப்பளிப்பது, மதியம் தொலைபேசியில் பேசியதை மாலையில் மறந்துபோவது என்று அறிகுறிகள் இருந்தாலும், வீட்டார் அதற்கெல்லாம் வேறு காரணம் கண்டுபிடிப்பார்கள். உடம்பு சரியில்லை, தைராய்டு, தூக்கமில்லை. தூக்க மாத்திரை உண்மையிலேயே இருந்தால் அது இன்னும் மோசம். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகி நின்றுவிடக்கூடும். பெண்களிடம் இந்தச் சேர்க்கை அடிக்கடி காணப்படுகிறது. மருத்துவரும் கேட்பதில்லை, அந்தப் பெண்ணும் சொல்வதில்லை.

இதைக் குழந்தைகள் கணவருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் மூத்த பிள்ளை பையை இறக்கி வைப்பதற்கு முன் அம்மாவின் குரலைக் கேட்டே நிலவரத்தைக் கணக்கிடும். குழறினால் தம்பியைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போகும், அடுப்பை அணைக்கும், வாசல் மணி அடித்தால் ‘அம்மா தூங்குறாங்க’ என்று சொல்லும். பத்து வயதில் இவ்வளவு பொறுப்பா என்று உறவினர்கள் மெச்சுவார்கள். அது பொறுப்பல்ல, பயம். இந்தப் பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை, வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்கிறார்கள், ஆசிரியரின் முகம் கொஞ்சம் மாறினாலும் பதறுகிறார்கள். இவர்களிடம் பெரியவர் ஒருவராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: அம்மாவுக்கு நோய், அது உன்னால் வரவில்லை, அதைக் குணமாக்குவது உன் வேலை இல்லை, அம்மா எழுப்பியும் எழாவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு. அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டிவையுங்கள்.

கர்ப்ப காலத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது. சிறிய தலை, மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கிப்போவது, பிற்பாடு கணக்கிலும் கவனத்திலும் தடுமாற்றம் என வரும் தொகுப்புக்கு 1973-இல்தான் ‘கருவில் மதுப் பாதிப்பு’ என்று பெயர் கிடைத்தது. தாய்ப்பாலில் மதுவின் அளவு ரத்தத்தில் இருப்பதை ஒட்டியே ஏறி இறங்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் அது சீக்கிரம் குறையாது, நேரம்தான் குறைக்கும். குடித்த இரவில் குழந்தையைத் தன் படுக்கையில் போட்டுக்கொள்ளவே கூடாது.

இனி, பூட்டிவைப்பதற்கு வருவோம். மது மூளையை அமுக்கிவைக்கிறது. மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு பழகிவிடுகிறது. அமுக்கியது திடீரென விலகினால் அந்த வேகம் மட்டும் கட்டின்றி மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, நாள் கிழமை தெரியாமல் உளறுவது, காய்ச்சல் என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. ‘குடிக்கக் கிடைக்காததால் நடிக்கிறாள்’ என்று வீட்டார் முடிவுகட்டுவது சரியாக இந்த நேரத்தில்தான். தினமும் குடிப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், காலையில் எழுந்ததும் நடுக்கத்துக்காகக் குடிப்பவர், இவர்கள் யாரும் மருத்துவர் இல்லாமல் நிறுத்தக் கூடாது. மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் எனும் பி1 வைட்டமின் கொடுப்பார்கள். அந்த வைட்டமின் வற்றிப்போனவருக்குத் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நடை தள்ளாடி, கண்கள் அலைந்து, நினைவே பழுதாகிப் போகலாம். ‘ரொம்பச் சோர்வா இருக்காங்க, ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று போய்க் கேட்பவர்கள் குடிப்பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பழக்கம், சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலப்பது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை, மது உடைந்து உண்டாகும் நச்சுப்பொருளை வெளியேற விடாமல் தடுக்கிறது. மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். அறிந்து சம்மதித்து உட்கொள்பவருக்கு அது பாதுகாப்பு. அறியாதவருக்கு விஷம்.

பேசுவதற்கும் நேரம் உண்டு. போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை, மாமியாரையும் சித்தப்பாவையும் கூட்டிவைத்து விசாரிப்பதும் வேலைக்கு ஆகாது. தெளிந்த ஒரு காலையில், ஒருவர் மட்டும், நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்: ‘நேற்று அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, நான் பயந்துவிட்டேன்.’ ‘நீ ஒரு தாயா?’ என்று தொடங்கினால் அத்தோடு பேச்சு முடிந்தது. மருத்துவரின் பெயர், போகும் நாள், அந்த நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை முன்னாலேயே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். பெண்கள் சிகிச்சைக்குப் போகாததற்கு மனமின்மை மட்டுமே காரணம் அல்ல, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக இடமில்லாததும் பெரிய காரணம். போனால் பிள்ளைகளையே பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சமும் உண்டு.

மறுவாழ்வு மையம் தேடும்போது கேளுங்கள்: பெண்களுக்குத் தனி வார்டும் பெண் ஊழியர்களும் உண்டா, மனநல மருத்துவர் வருகிறாரா, மனச்சோர்வுக்கும் பழைய வன்முறைக் காயங்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை தருகிறார்களா. வெளியே வந்தபின் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரொசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். வீட்டாருக்கும் இடமுண்டு. குடிப்பவரின் குடும்பத்தார் கூடிப் பேசும் ‘அல்-அனான்’ குழுக்கள் 1951-லிருந்தும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ‘அலட்டீன்’ 1957-லிருந்தும் நடக்கின்றன. கணவர்கள்தான் வருவதில்லை. குடிக்கும் ஆணோடு மனைவி மையத்தின் வாசல்வரை வருவதை நிறையப் பார்க்கிறோம்; குடிக்கும் பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டியைத் திருப்புபவர்களே அதிகம்.

கடைசியாகத் தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். போதையில் சாலையில் கிடக்கும் பெண்ணின் படம் வந்தால் முகத்தையும் வண்டி எண்ணையும் மறைத்து வெளியிடுங்கள்; முடிந்தால் வெளியிடாமலே விடுங்கள். மறுநாள் அந்தப் படம் அவருடைய பிள்ளையின் வகுப்புத் தோழர்களின் கைபேசியில் இருக்கும்.

இப்படிக்கு,
குடிநோய் சிகிச்சைப் பணியில் உள்ள ஆலோசகர்கள்