சமணர் மலைக்கு வழி காட்ட ஒரு போர்டு வைங்கய்யா

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரைக்கு பக்கத்துல இருக்க கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஞாயித்துக்கிழமை காலைல இப்பல்லாம் நல்ல கூட்டம், வாக்கிங், ட்ரெக்கிங், ரீல்ஸ்னு வர்றாங்க, சந்தோசம்தான். ஆனா முக்காவாசிப் பேரு தாமரைக்குளத்துல ஒரு செல்ஃபி, அய்யனாருக்கு ஒரு கும்பிடு, படி ஏறி பேச்சிப்பள்ளம் சுனைய எட்டிப் பாத்துட்டு எறங்கிர்றாங்க. மலைக்குத் தென்மேற்கால செட்டிப்புடவுன்னு ஒரு குகை இருக்கறதே தெரியாது. வெளில பெரிய சிலையா, சமணர்கள் கும்பிடுற தீர்த்தங்கரர் உக்காந்திருப்பாரு, அது போக குகைக்குள்ள குனிஞ்சு போயி அண்ணாந்து பாத்தா சிங்கத்து மேல ஏறி வில்ல வளைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு, எதுக்க யானை மேல கத்தியும் கேடயமுமா ஒருத்தன், சண்டை அப்படியே கல்லுல நிக்குது. இத பாக்காம போறதுக்கு எதுக்கு பெட்ரோல் செலவு?

கேக்குறது பெரிய விசயமில்ல, அடிவாரத்துல வழி பிரியிற எடத்துல ஒரு அம்புக்குறி போர்டு. அப்புறம் பேச்சிப்பள்ளத்துல சிலைகளுக்குக் கீழ வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்துல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கு நாம படிக்கிற எழுத்துல ஒரு பலகை. குறண்டி திருக்காட்டாம்பள்ளிங்கற சமணப் பள்ளிய சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனின்னு, சிலை செஞ்சு வச்சவங்க பேரு 1,000 வருசத்துக்கு மேல அங்க இருக்கு. அது தெரியாமதான் நம்ம பயலுக பக்கத்துப் பாறையில கல்ல வச்சு கீறி ஹார்ட்டு போட்டு பேரு எழுதுறாங்க, அவங்களாச்சும் சிலை செஞ்சு வச்சாங்க, நீ என்னப்பா செஞ்சு வச்ச?

சுனைக்கு மேல உச்சி வரைக்கும் சும்மா வழுவழுன்னு பாறைதான், மழை பேஞ்ச மறுநாள் சின்னப்பிள்ளைகள கூட்டிட்டு ஏற வேணாம், வெயில் காலத்துல ஒம்போது மணிக்கே கால் வைக்க முடியாது, இதயும் போர்டுல எழுதிட்டா நல்லது. உச்சி வரைக்கும் சிமெண்ட் படி, கலர் லைட்டு எல்லாம் வேணும்னு சிலபேர் பேசுறாங்க, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். பாட்டில் ஒடைக்கிறவங்கள வெரட்ட சாயங்காலம் ஒரு வாட்ச்மேன் போட்டா போதும்.

உங்க பேப்பர்ல மதுரை செய்திப் பக்கத்துல போட்டீங்கன்னா சம்பந்தப்பட்டவங்க கண்ணுல படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை