பால் டம்ளரும் கறிவேப்பிலைச் செடியும்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பால் குடித்தால் வயிறு உப்பிசம், கடமுடா சத்தம், போதாக்குறைக்குப் பேதி. பாலில் இருக்கிற சர்க்கரை உனக்குச் செரிக்கவில்லை என்று டாக்டர் சொன்னாராமே.

பால் குடிக்காமல் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தவள் நான். ஆடை மிதக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பாய். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாய். செடியடியில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். "நீ மட்டும் செடிக்கு மோர் ஊத்தலாமா?" என்று வாதாடினாய். முதுகில் ஒன்று வைத்தேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

இங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் சுரக்குமாம். தாய்ப்பால் குடிக்கிற வயதில் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உலகத்துப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இதே கதைதானாம். உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது, வாயு சேர்கிறது. அவ்வளவுதான், பயப்படாதே.

ஆனால் பாலோடு தயிரையும் நிறுத்திவிட்டேன் என்றாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உறை ஊற்றினால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு புளிப்பாக மாறிவிடுகிறது. தயிர்ச் சோறு சாப்பிட்டு உனக்கு என்றைக்காவது வயிறு வலித்ததா? பாலுக்குப் பதிலாகக் குடிக்கிற பாதாம் பால் பாக்கெட் விலையைக் கேட்டே எனக்குத் தலை சுற்றியது. பசும்பால் அளவு புரதமும் அதில் கிடையாதாம்.

சுண்ணாம்புச்சத்து ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். 100 மில்லி பாலில் சுமார் 120 இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல். களி உன் தொண்டையில் இறங்காது, தெரியும். கூழாகக் காய்ச்சி மோர் விட்டுக் கரைத்தாவது குடி. காப்பியை விட வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொஞ்சமாகக் குடித்துப் பார், ஒத்துக்கொண்டால் சரி.

தீபாவளிக்கு வா, மோர்க்குழம்பு வைக்கிறேன். ராத்திரிப் பால் அப்பாவுக்கு மட்டும்தான். எழுபது வயதிலும் அவருக்குக் கல்லும் செரிக்கிறது.

அன்புடன்,
அம்மா