ரோஸ்டர் போடுகிறவர்களுக்கு ஒரு விமானியின் திறந்த மடல்

விமான நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், விமானிகளுக்கு ரோஸ்டர் எனும் பணி அட்டவணை போடும் பிரிவினருக்கும், மருத்துவத் தகுதி விதிகளை எழுதும் விமானப் போக்குவரத்து ஆணையங்களுக்கும் வணக்கம்.

நான் பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் விமானிகளோடு, விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் உட்காருவதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் இங்கே எழுதுவது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை, பயிற்சி முடிந்து காபி குடிக்கும்போது பலர் சொல்லிக் கேட்டதும் இதில் இருக்கிறது.

தாயான விமானிகளுக்காகத் தகுதித் தேர்வுகளையோ ஓய்வு விதிகளையோ தளர்த்துங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு, காக்பிட்டில் இருப்பவர் தாயா தந்தையா என்பது பொருட்டில்லை. போதுமான அளவு தூங்கினாரா என்பதுதான் பொருட்டு. எனக்கும் அப்படியே. நான் கேட்பது வேறு: என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்பதை எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

"பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படி மனசு வருது?" என்று பயணிகள் கேட்பார்கள். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆண் விமானிக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கும், அவரை யாரும் கேட்பதில்லை. அது போகட்டும். மனசு வருவதில் எங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. வேலைக்குப் போகிற எல்லா அம்மாக்களும் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மூன்று நாள் பயணம் என்றால் மூன்று நாளைக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகத் தெரியும். திரும்பி வரும் நாள் மாறிக்கொண்டே இருந்தால்தான் வீடு ஆட்டம் காண்கிறது.

ஸ்டாண்ட்பை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கும், பெட்டி வாசலில் இருக்கும், போன் கையிலேயே இருக்கும். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வராமலும் போகலாம். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் இரண்டுக்கும் தயாராக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்கான சம்பளமும் கொடுத்தாக வேண்டும். வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தால் அதுவும் மிச்சம். உண்மையில் உங்கள் ஸ்டாண்ட்பை பட்டியலில் பெயர் இல்லாத ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறார்: சம்பளமே இல்லாமல் ஸ்டாண்ட்பை பார்க்கும் பாட்டி. உலகம் முழுவதும் விமானிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். இந்தியாவில் அது 12-க்கும் மேல், உலகிலேயே அதிகம். அதைப் பெருமையாகச் சொல்லும் நிறுவனங்கள் அந்தப் பாட்டிமார்களுக்கும் ஒரு நன்றி சொல்லலாம். பாட்டி இல்லாத வீட்டுப் பெண் என்ன செய்வாள் என்பதையும் யோசிக்கலாம்.

இன்னொன்று, கடைசி நேர மாற்றம். அன்றைய கடைசி லேண்டிங் முடிந்து, இன்ஜினை அணைத்து, பார்க்கிங் செக்லிஸ்ட் படித்து முடித்துப் போனை ஆன் செய்தால் ரோஸ்டர் செயலியில் ஒரு அறிவிப்பு நிற்கும்: இன்றிரவு இங்கேயே தங்கல், நாளை வேறொரு செக்டர், அதாவது வேறொரு ஊருக்குப் பறக்க வேண்டும். பார்த்துவிட்டதாக அழுத்து என்று ஒரு பொத்தான். அதை அழுத்துவதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன், பள்ளிக்கு ஒரு போன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு போன். புயலால் வந்த மாற்றம் என்றால் ஒரு வார்த்தை பேச மாட்டோம். வானிலையோடு சண்டை போடுகிறவர் விமானியாக இருக்க முடியாது. ஆனால் மாற்றங்களில் ஒரு பெரிய பங்கு வானிலையால் வருவதில்லை, ஆட்களைக் கணக்காக வைத்து ஓட்டுவதால் வருகிறது. ஒருவர் உடம்பு சரியில்லை என்று சொன்னாலே மூன்று பேரின் வாரம் கலைகிறது. அந்தச் சிக்கனத்தின் செலவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை, எங்கள் வீட்டில் ஏறுகிறது.

ஆகவே என் முதல் கோரிக்கை. சிறு குழந்தை உள்ள விமானிகள் விரும்பினால், இத்தனை நாள் பணி, இத்தனை நாள் ஓய்வு என்று மாறாத ஒரு வட்டத்தைக் கொடுங்கள். அதில் ஸ்டாண்ட்பை நாட்களும் முன்பே குறிக்கப்பட்டிருக்கட்டும். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, பாதி அல்லது முக்கால் பணி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதையும் கொடுங்கள். "பகுதி நேரமாகப் பறந்தால் பாதுகாப்பு என்ன ஆவது?" என்ற கேள்வி வரும். அது ஏற்கெனவே நீதிமன்றம் வரை போய் வந்த கேள்விதான். பிரிட்டிஷ் ஏர்வேஸில் துணை விமானியாக இருந்த ஜெசிகா ஸ்டார்மர், குழந்தை பிறந்த பிறகு 50 சதவீதப் பணி கேட்டார். நிறுவனம் 75 தருகிறோம் என்றது. 2,000 மணி நேரம் பறந்திராதவர் அதற்கும் கீழே போனால் பாதுகாப்புக்குச் சரிவராது என்றும் வாதிட்டது. 2005-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் ஸ்டார்மர் பக்கமே நின்றது. ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இன்று பகுதி நேர விமானிகள் சாதாரணம், ஆண்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆண்கள் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைத் தாய்மார்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இரவில் அழும் குழந்தை அப்பாவையும்தான் எழுப்புகிறது. களைப்பாக இருக்கிறது, இன்று பறக்கும் நிலையில் இல்லை என்று சொல்ல அவருக்கும் கடமை இருக்கிறது. சலுகை பெண்ணுக்கு மட்டும் என்று ஆனால், அடுத்த நேர்முகத் தேர்வில் "இந்தப் பெண்ணை எடுத்தால் செலவு" என்று யாரோ மனதுக்குள் கணக்குப் போடுவார். போட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சான்றும் உண்டு. 1970-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் நிறுவனம் டெபோரா வார்ட்லியை விமானியாக எடுக்க மறுத்தபோது அடுக்கிய காரணங்களில் பிள்ளைப்பேறும் ஒன்று. இடையில் விடுப்பு எடுப்பார், பயிற்சிச் செலவு வீணாகும் என்றார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார். 1980-இல் அந்த நாட்டின் உயர் நீதிமன்றத்திலும் நிறுவனம் தோற்றது. அவர் அதன்பின் பல பத்தாண்டுகள் பறந்தார். பயிற்சிச் செலவு வீணாகவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி ஆணையங்களுக்கு. கர்ப்பிணி விமானிகளைப் பற்றிப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் பரிந்துரை ஒன்று உண்டு. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்று மருத்துவர் உறுதி செய்தால், 12-ஆம் வாரத்தின் முடிவிலிருந்து 26-ஆம் வாரத்தின் முடிவு வரை பறக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் தரைதான். ஐரோப்பிய விதியில் 26 வாரம் என்ற மேல் எல்லை இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவ விதியிலோ இத்தனை வாரம் என்ற வரம்பே இல்லை. இந்த எண்களை மருத்துவர்கள் விவாதிக்கட்டும். அந்த முதல் 12 வாரங்களில் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம் என்றுதான் பெரும்பாலான பெண்கள் நினைப்பார்கள். கரு தங்குமா என்பதே உறுதியாகாத காலம் அது. ஆனால் முதல் 12 வாரம் பறக்கக் கூடாது என்ற விதி உள்ள நாட்டில், விமானிக்கு அந்த வசதி இல்லை. தெரிந்த உடனே சொல்ல வேண்டும், சொன்ன உடனே மெடிக்கல், அதாவது பறப்பதற்கான மருத்துவத் தகுதிச் சான்று, நிறுத்தி வைக்கப்படும். மறுநாள் அவள் ரோஸ்டர் வெறுமையாக இருக்கும். உடன் பறக்க வேண்டியவர்கள் அதைப் பார்ப்பார்கள். வயது முப்பது, கல்யாணம் ஆகி இரண்டு வருடம், திடீரென்று மெடிக்கல் இல்லை என்றால் கணக்குப் போட யாருக்குத் தெரியாது? சொந்தக்காரர்களுக்குத் தெரியும் முன் கேன்டீனுக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டாவது வாரத்தில் அந்தக் கர்ப்பம் கலைந்துபோனால், வேலைக்குத் திரும்பும் அன்று வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு விதியை மாற்றக்கூட வேண்டாம். மருத்துவக் காரணத்தால் தரையில் இருக்கிறவர்கள் எல்லோரையும், கால் முறிந்தவரோ கர்ப்பிணியோ, ரோஸ்டரில் ஒரே குறியீட்டில் காட்டுங்கள். விவரம் மருத்துவப் பிரிவோடு நிற்கட்டும்.

தரையில் இருக்கும் மாதங்களுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எங்கள் வருமானத்தில் பறக்கும் மணிகளுக்கான பங்கு பெரியது. மெடிக்கல் நிறுத்தப்பட்ட நாளே அது நின்றுவிட்டால், பேறுகால விடுப்பு தொடங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே வருமானம் சரிகிறது, மருத்துவச் செலவு ஏறும் அதே நேரத்தில். சிமுலேட்டர் பயிற்சியில் உதவுவது, பாதுகாப்பு அறிக்கைகளைப் படித்து அலசுவது, கையேடுகளைத் திருத்துவது என்று எங்களால் செய்யக்கூடிய வேலை உங்களிடம் நிறைய இருக்கிறது. ஒவ்வொருத்தியும் தனித்தனியாக மேலாளரின் அறைக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டியதாக அது இருக்கக் கூடாது. உயரத்தில் பறக்கும்போது விண்வெளியிலிருந்து வந்து உடம்பில் சேரும் கதிர்வீச்சின் கணக்கும் அப்படித்தான். கர்ப்பத்தை அறிவித்த பிறகு கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. எந்தத் தடத்தில் எவ்வளவு சேரும் என்று கணக்கிட மென்பொருள் இருக்கிறது. அந்த எண்ணை எங்களுக்கும் காட்டுங்கள், போதும்.

அப்புறம் தாய்ப்பால். இதைப் பற்றிப் பேசும்போது கூட்ட அறையில் எல்லோரும் பேனாவைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். பால் கொடுக்கும் தாய் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை எடுக்காவிட்டால் மார்பு கல்லாக இறுகும், வலிக்கும், காய்ச்சல் வரை போகும். இப்போது காக்பிட்டை நினைத்துப் பாருங்கள். விமானி கழிவறைக்குப் போக வேண்டுமென்றாலே பல நிறுவனங்களில் ஒரு நடைமுறை உண்டு: பணிப்பெண்ணை இன்டர்காமில் அழைக்க வேண்டும், முன்பக்கத்தில் யாரும் வராதபடி வண்டியைக் குறுக்கே நிறுத்த வேண்டும், அவர் உள்ளே வந்த பிறகு நான் வெளியே போக வேண்டும். இரண்டு நிமிட வேலைக்கு இத்தனை. பால் எடுக்க இருபது நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கழிவறை மூடியின் மேல் உட்கார்ந்து, ஒரு கையில் பம்பும் மறு கையில் சுவருமாக, டர்புலன்ஸ் வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, வெளியே கதவைத் தட்டும் பயணிக்கும் பதில் சொல்லி எடுத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கம் வேறு.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டம் பணியிடத்தில் பால் எடுக்கும் உரிமையை விரிவாக்கியது. ஆனால் விமானப் பணியாளர்களை மட்டும் வெளியே நிறுத்தியது. ஃபிரண்டியர் நிறுவனத்தின் பெண் விமானிகள் தொடுத்த வழக்கு 2023-இல் சமரசத்தில் முடிந்தபோது, பறத்தலின் நெருக்கடி இல்லாத கட்டங்களில் காக்பிட்டிலேயே பால் எடுக்கலாம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அங்கே முடியும் என்றால் மற்ற இடங்களிலும் முடியும். உடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சத்தமில்லாத பம்புகள் வந்துவிட்டன. எது நெருக்கடியான கட்டம், எது இல்லை என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும், சாப்பாட்டுத் தட்டை எப்போது மடியில் வைப்பது என்பதற்கும் அதே கணக்குதான். கையேட்டில் ஒரு பத்தி எழுதுங்கள், விமானி ஒவ்வொரு முறையும் புதுப் புது சகாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியிருக்காது. விமான நிலையத்தில் பணியாளர் அறைக்கு அருகே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் ஒரு சிறிய ஃபிரிட்ஜும் வேண்டும். அதற்கும் பெரிய திட்டக்குழு தேவைப்படாது.

திரும்பி வரும் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாக. கடந்த 90 நாட்களுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு விடுப்பில் போய்விடும். மெடிக்கல் புதுப்பிக்க வேண்டும், சிமுலேட்டர் தேர்வு எழுந்து நிற்கும், பிறகு பயிற்சி கேப்டனோடு சில பயணங்கள். இதில் எதுவும் தவறில்லை, எல்லாம் வேண்டும். ஆனால் சிமுலேட்டர்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகின்றன, திரும்பி வருகிறவளுக்கு நள்ளிரவு இரண்டு மணி ஸ்லாட் விழுகிறது. ஏற்கெனவே இரவுத் தூக்கம் இல்லாதவளை அந்த நேரத்தில் உட்காரவைத்து, இன்ஜின் தீப்பிடித்தது போன்ற சோதனையைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் தடுமாறினார்" என்று அறிக்கையில் எழுதுகிறோம். பயிற்சியாளராக எனக்கே அந்த வரியை எழுதக் கை வருவதில்லை. பகல் ஸ்லாட் கொடுங்கள். பயிற்சி வெளியூரில் என்றால், குழந்தையும் அதைப் பார்த்துக்கொள்கிறவரும் அதே ஹோட்டல் அறையில் தங்க அனுமதியுங்கள்.

சீனியாரிட்டிக்கு வருகிறேன். கோ-பைலட்டாகச் சேர்ந்தவர் கேப்டன் ஆகும் வரிசையில் முன்னே வரும் வயதும், பிள்ளை பெறும் வயதும் ஒன்றேதான். விடுப்பில் இருக்கும்போது அவள் முறை வந்தால், பல இடங்களில் வரிசை அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. சீனியாரிட்டி நம்பர் அப்படியே இருக்கிறது என்று மனிதவளப் பிரிவு சொல்லும். நம்பர் இருக்கும், இருக்கைதான் போயிருக்கும். திரும்பி வந்து தேறிய உடன் நடக்கும் அடுத்த கமாண்ட் பயிற்சியில் (கேப்டன் ஆவதற்கான பயிற்சி) அவளுக்கு முதல் இடம் என்று எழுதி வையுங்கள். எந்தத் தேர்வையும் தவிர்க்கச் சொல்லவில்லை, தேர்வெழுதும் தேதியைத்தான் கேட்கிறோம்.

பெண்கள் தினமான மார்ச் 8 அன்று முழுக்கப் பெண்களே இயக்கும் விமானம் என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள். உலகில் முதன்முதலாக விமானி உரிமம் பெற்ற பெண்ணான ரேமோன்ட் தெ லாரோஷுக்கு அது கிடைத்த நாளும் 1910 மார்ச் 8 தான், அந்தத் தற்செயல் எனக்கும் பிடிக்கும். 1936-இல், இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவரான சரளா தக்ரால் புடவையோடு ஜிப்சி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தபோது அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். தாய்மார்கள் பறப்பது புதுச் செய்தி இல்லை. படத்துக்கு நிற்கிறோம், பிரச்சினை இல்லை. அன்றைய படக்குறிப்பில் உங்கள் நிறுவனத்தில் தாயான பிறகும் வேலையில் நீடிப்பவர்கள் எத்தனை சதவீதம், அவர்களில் கேப்டன் ஆனவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இருபது ஆண்டுகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய விமானிகள் தேவைப்படுவார்கள் என்று போயிங் கணித்திருக்கிறது. புதியவர்களைத் தேடும் நேரத்தில், ஏற்கெனவே பயிற்சி பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். ஏன் போனீர்கள் என்று கேளுங்கள். பறக்கப் பிடிக்காமல் போனேன் என்று சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது தெரியும். மாறாத ரோஸ்டர், பொதுக் குறியீடு, கையேட்டில் ஒரு பத்தி இவை மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், உங்கள் கையெழுத்து போதும். எதை எந்த மாதத்திலிருந்து செய்வீர்கள் என்று தேதியோடு பதில் எழுதுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதுங்கள், அதற்கேற்ப எங்கள் ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பணியில் இருக்கும் ஒரு கேப்டன்