எட் எடிட்டர் அடிப்படை நிறுவலிலேயே இருக்கட்டும்

லினக்ஸ் விநியோகங்களை உருவாக்கிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வருடம் ஒரு நள்ளிரவில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் ஒன்று ரீபூட் ஆகாமல் கட்டளைகளை மட்டும் ஏற்கும் அவசரநிலை ஷெல்லில் நின்றுவிட்டது. கழற்றிவிட்ட டிஸ்க்குக்கான வரியை எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்ஸ்டாப் (fstab) கோப்பிலிருந்து நீக்க மறந்திருந்தேன். கையில் இருந்தது, வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் சீரியல் கன்சோல்தான். டெர்மினல் வகை சரியாக அமையாததால் விஐ (vi) என்ற முழுத்திரை எடிட்டரைத் திறந்ததும் திரை அலங்கோலமானது. அம்புக்குறியை அழுத்தினால் கண்ட எழுத்துகளும் கொட்டின.

அப்புறம், கட்டளை கொடுத்து வரிவரியாகத் திருத்தும் பழைய எடிட்டரான எட் (ed) நினைவுக்கு வந்தது. ரூட் பகிர்வை எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டு, கோப்பைத் திறந்து, எல்லா வரிகளையும் எண்ணோடு அச்சிடச் சொன்னேன். ஏழாவது வரிதான் தவறு. அதை நீக்கு, சேமி, வெளியேறு. மொத்தம் நான்கே கட்டளைகள். எட் திரையைத் துடைப்பதில்லை. அதனால் கணினி காட்டிய பிழைச் செய்தி, நான் திருத்திக்கொண்டிருந்த வரிக்கு மேலேயே கடைசிவரை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அது எவ்வளவு உதவியது என்பது எனக்குத்தான் தெரியும்.

பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சன் இதை எழுதியபோது எதிரே இருந்தது திரை அல்ல, காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப். கேட்ட வரியை மட்டும் காட்டும் சிக்கனம் அங்கிருந்து வந்தது. நாம் தினமும் பயன்படுத்தும் கிரெப் (grep) என்ற தேடல் கருவியின் பெயரே எட் எடிட்டரின் ஒரு கட்டளை வடிவம்தான் (g/re/p). உரையைத் தானாகத் திருத்தும் செட் (sed), விஐ எல்லாம் இதே வழியில் வந்தவை.

ஆனால் இன்று பல விநியோகங்களைப் புதிதாக நிறுவி எட் என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்றே பதில் வருகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் (POSIX) தரத்தில் எட் கட்டாயம் இருக்க வேண்டிய கருவி; விஐதான் விருப்பத்தேர்வு. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. இடப் பிரச்சினை என்று சொல்ல முடியாது, ஒரு மெகாபைட்கூட ஆகாது.

பிழை வந்தால் வெறும் கேள்விக்குறியைக் காட்டுகிறதே என்பார்கள். சரி, புதியவருக்கு அது கஷ்டம்தான். பெரிய எழுத்து ஹெச்சை ஒருமுறை அடித்தால் ஒவ்வொரு பிழைக்கும் விளக்கம் வரத் தொடங்கும். இந்த ஒரு வரியைக் கையேட்டின் தொடக்கத்தில் போட்டாலே போதும்.

தமிழிலும் எட் தடுமாறுவதில்லை. 'தமிழ்' என்று ஒரே வரி எழுதிச் சேமித்தால், எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையாக 16 என்று காட்டும்: ஐந்து யூனிகோடு குறிகளுக்குத் தலா 3 பைட், வரி முடிவுக்கு ஒன்று. கோப்பு முழுதாக எழுதப்பட்டதா என்பதை அந்த எண்ணை வைத்தே சரிபார்த்துக்கொள்கிறேன்.

பார்வையற்ற நண்பர்களையும் நினைத்துப் பாருங்கள். திரை முழுக்கத் தாவும் எடிட்டரைவிட, வரிவரியாகப் பதில் சொல்லும் எடிட்டரைத் திரைவாசிப்பான் தெளிவாகப் படிக்கும்.

அடுத்த வெளியீட்டிலேயே எட் எடிட்டரை அடிப்படைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். மீட்புக்கான யூஎஸ்பி இமேஜிலும் மறக்காமல் வையுங்கள். அது இல்லாமல் தவிக்கும் நேரத்தில் இணையத்திலிருந்து நிறுவிக்கொள்ள வழி இருக்காது.

அன்புடன்,
சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு பயனர்