அயல்மொழி நூல்களும் பொது நூலகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல நாட்டு இலக்கியங்களைப் படிக்க விரும்புவோர் பொது நூலகத்துக்குச் செய்யக்கூடிய முதல் உதவி, அங்கிருந்து நூல்களை இரவல் எடுப்பதுதான். மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் குறைந்த படிகளே அச்சாகி விரைவில் விற்பனையிலிருந்து மறைந்துவிடுவதால், பிற்பாடு அவற்றைத் தேடுவோருக்கு நூலக அலமாரியே கதி. ஆனால், உள்ளே ஒட்டிய தாளில் ஆண்டுக்கணக்கில் தேதி முத்திரை விழாத நூல்கள்தாம் இடநெருக்கடியின்போது எளிதில் கழிக்கப்படுகின்றன. இல்லாத நூலை வாங்கும்படி எழுதிக் கேட்பதும் நல்லது. கேட்டவுடன் கிடைத்துவிடாது என்பது வேறு விஷயம்.

இரவலால் எழுத்தாளருக்கு நட்டம் என்பாரும் உண்டு. டென்மார்க் 1946-லேயே இதற்கு வழி கண்டு, நூலகங்களில் உள்ள நூல்களுக்காக எழுத்தாளர்களுக்கு அரசே தொகை வழங்கத் தொடங்கியது. பின்னர் இத்தகைய முறையை ஏற்ற பிரிட்டனில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு.

1949-இல் முதலில் வெளியாகி, 1994-லும் 2022-லும் திருத்தப்பட்ட யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை, நூலகச் சேவை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும், அது அரசுகளின் பொறுப்பு என்றும் கூறுகிறது. நிதி குறையும்போதெல்லாம் நூல் கொள்முதலில் கைவைக்கும் நிர்வாகங்கள் அதை மறுபடி படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்