கல் ஈரமாக இருக்கட்டும்

பொங்கோல், சிங்கப்பூர்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் பழைய ஈசூன் முகவரிக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்கு வந்திருக்கிற மலாய்க் குடும்பம் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, போன சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போனபோது கையில் கொடுத்தார்கள். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். மறுபடியும் வலைக் கண்ணி தெரிகிறது என்று சொன்னாராமே, உன் தங்கச்சியிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே நடையில் வந்து சேர்ந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. நீ கேட்டது என் கடல் மீன், பவளத் தொட்டியைப் பற்றி. "அவ்வளவு கடல் தண்ணியையும் அப்படியே கொண்டு போனாயா?" என்று எழுதியிருந்தாய். இங்கேயும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். தண்ணீர் ஒரு விஷயமே இல்லை மாப்ளே. கல்தான் விஷயம்.

நாலடி நீளம், இரண்டடி அகலத் தொட்டி. கீழே அலமாரிக்குள் இருக்கிற வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் 400 லிட்டருக்குக் கிட்ட வரும். உள்ளே 35 கிலோ கல். செத்த பவளம் இறுகிக் கல்லானது, நம் ஊரில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போன அதே மாதிரிக் கல். அதன் மேலேயும் துளைகளுக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றும். காற்று எட்டாத ஆழத் துளையில் இருக்கிற கூட்டம் அந்த நைட்ரேட்டையும் உடைத்து வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். இந்தக் குடித்தனம் அமைய மாதக்கணக்கில் ஆகும். என் கல்லில் ஏழு வருஷமாக அமைந்திருக்கிறது. தண்ணீரில் அவை ரொம்பக் கொஞ்சம்தான். அதனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு கலந்துகொள்ளலாம், கல்லைக் காயவிட்டால் போயிற்று. அதில் ஒட்டியிருக்கிற கடற்பஞ்சும் சிறு புழுக்களும் செத்து அழுகும், அந்த அழுகலே தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும்.

வேதாளைக் கரையில் மாமா நமக்குக் கல் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? "உசுருள்ள கல்லு கையில வழுக்கும், செத்த கல்லு கையைக் கடிக்கும்" என்பார். அன்றைக்கு அந்தக் கல்லை உடைத்து விற்றுத்தான் உங்கள் வீட்டில் உலை கொதித்தது, எங்கள் வீட்டுச் சுவருக்கும் அந்தச் சுண்ணாம்புதான். வீடு மாற்றிய அன்று ஒவ்வொரு கல்லாகத் தூக்கும்போது அவர் சொன்னதைத்தான் கை தேடியது. வழுக்கியது. அந்த வழுவழுப்பு போவதற்குள் அடுத்த வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதே அன்று முழுக்க எனக்கு ஒரே நினைப்பு.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியைத்தான் அங்கே மாட்டினேன். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் கலந்திருக்கும். குளோரின் மாதிரி ஒரு நாள் திறந்து வைத்தால் ஆவியாகிப் போகிற சரக்கு இல்லை அது, வடிகட்டித்தான் ஆக வேண்டும். 250 லிட்டர் சுத்தத் தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு 37 கிராம் கணக்கில் உப்பைப் போட்டு, உள்ளே ஒரு பம்பை ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கக் கலங்கவிட்டேன். மீன்காட்சிக்கென்றே விற்கிற உப்பு இது, கால்சியமும் மக்னீசியமும் அளவாகச் சேர்ந்திருக்கும். உப்பு ஆயிரத்துக்கு 35, சூடு 26 பாகை, காரத்தன்மை 8, எல்லாம் பழைய தொட்டியில் இருந்தபடியே வரும்வரை பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். பொங்கோலில் கடல் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது ஜொகூர் நீரிணைத் தண்ணீர், கலங்கல், உப்பும் குறைவு. அதைப் பவளத்துக்குக் கொடுக்க மனம் வராது.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் பழைய தண்ணீரில் தெளிவான மேல்பாகத்தை 150 லிட்டர் கேன்களில் பிடித்தோம். அதற்குப் பிறகு பவளம். மான்கொம்பு வகையை வாளியில் அப்படியே போட்டால் சுவரில் இடித்துக் கிளை ஒடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு துண்டையும் ரப்பர் பேண்டால் தெர்மோகோல் பலகையில் கட்டித் தலைகீழாக மிதக்கவிட்டேன். வண்டி எப்படி ஆடினாலும் பலகைதான் ஆடும், பவளம் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு வரும்.

டார்ச் பவளம் என்று ஒன்று வைத்திருக்கிறேன். பொன்னிற விரல்கள் தண்ணீரைக் குடித்து விரல் நீளத்துக்கு ஊதி நிற்கும். உள்ளே இருக்கிற எலும்புக் கூட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஊதினபடியே தண்ணீருக்கு மேலே தூக்கினால், அந்தக் கனத்துக்குச் சதை தொங்கி அந்த ஓரத்திலேயே கிழிந்துவிடும். தூக்குவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் கையால் மெதுவாக விசிறினேன். நுனி ஒவ்வொன்றாகச் சுருங்கியது, பிறகு மொத்தமாக மடங்கி உள்ளே போயிற்று. அரை நிமிஷம் ஆகியிருக்கும். அதற்கு அப்புறம்தான் எடுத்தேன்.

மகள் வாளி பிடிக்க வந்தாள். பதின்மூன்று வயது இப்போது. பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளர்கிற ஜோவான்திட் இருக்கிற கல்லை மட்டும் அவளைத் தொடவிடவில்லை. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற கொடிய விஷம் உண்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டு நானே எடுத்தேன். அந்தக் கல்லைச் சுரண்டவோ சுடுதண்ணீர் ஊற்றவோ கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். உன் அக்கா மகன் சென்னையில் தொட்டி வைக்கப்போகிறான் என்று எழுதியிருந்தாயே, வேறு எதை மறந்தாலும் இதை அவனிடம் சொல்லிவிடு.

மீனைக் கடைசியில்தான் பிடிக்க வேண்டும். கல் இருக்கும்போது வலையோடு துரத்தினால் இண்டு இடுக்கில் நுழைந்துகொண்டு நம்மையும் வதைத்துத் தானும் அடிபடும். கல் எல்லாம் வெளியே போய், தண்ணீர் ஒரு சாண் அளவுக்கு இறங்கினதும் தானாக வந்து வலையில் நின்றன. முந்தின நாளே இரை கொடுப்பதை நிறுத்தியிருந்தேன், வழியில் கழிவு குறையும் என்று. பையில் கட்டாமல் மூடி வாளியில், பேட்டரிக் காற்றுக்குழாயோடு கொண்டுபோனேன். கட்டின பைக்குள் மீன் விடுகிற மூச்சால் தண்ணீர் புளித்து, அம்மோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியேறி, புளிப்புப் போய், விஷம் ஒரேயடியாக எழும்பிவிடும். நெடுந்தூரம் வந்த மீன் பலது வீட்டுக்கு வந்து பை திறந்த பிறகு சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெறும் கண்ணாடியே 75 கிலோ இருந்தது. நாலு பேர் சேர்ந்து லிஃப்டுக்குள் இறக்கினோம். புது வீட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு முனை நாலு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேலே. சாய்ந்து நின்றால் பாரமெல்லாம் ஒரு பக்க ஒட்டில் போய் உட்காரும். அலமாரிக் காலுக்குத் தகடு கொடுத்து நேராக்கின பிறகுதான் கல்லை உள்ளே விட்டேன். கல், தண்ணீர், குளிரூட்டி, பம்பு, அதற்குப் பிறகு பவளம், மீன். சாயங்காலம் நாலு மணிக்கு விளக்கைப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தரையில் படுத்துவிட்டோம்.

இதுவரை சரி. ஒரு தப்புச் செய்துவிட்டேன் மாப்ளே, அதையும் சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக் கழிவு அடியில் தேங்கின மணலை மறுபடியும் போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். மேலாக ஒரு விரற்கடை மட்டும் அள்ளிக்கொண்டு, மிச்சத்துக்குப் புது மணல் 20 கிலோ வாங்கி வைத்திருந்தேன். பரப்பிப் பார்த்தால் பின்பக்க மூலையில் போதவில்லை. அவசரத்தில் பழைய மணலின் அடியிலிருந்து ஒரு வாளி எடுத்து, இரண்டு தரம் அலசிப் போட்டுவிட்டேன். சாம்பல் நிறத்தில் இருந்தது, லேசாக முட்டை அழுகின வாடையும் அடித்தது. அந்த வாடை வந்தபோதே கையை நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் ராத்திரி அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சைக்கு மாறிவிட்டது. மீன்களின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. புதிதாகக் கலந்த தண்ணீரில் 100 லிட்டரை மாற்றி, அந்த மூலை மணலைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தேன். மீனெல்லாம் தப்பித்தது. துப்புரவு இறால் தப்பிக்கவில்லை.

அந்த இறாலைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும். தொட்டிக்குள் கையை விட்டால் ஓடிவந்து மணிக்கட்டில் ஏறி, நகக்கண்ணை ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்யும். கூச்சமாக இருக்கும், ஆனாலும் கையை எடுக்கத் தோன்றாது. நாலு வருஷம் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கல்லடியில் மல்லாந்து கிடந்தது. மகள் அதைத் துளசித் தொட்டியில் புதைத்தாள். அன்றைக்கு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை.

மற்றவை ஒன்றொன்றாகத் தேறிவருகின்றன. கடல் சாமந்தி (சீ அனிமோன்) தன் கல்லை விட்டு இறங்கி நாலு நாள் அலைந்தது. இப்படி அலைகிறபோது பம்புக்குள் இழுபட்டுச் சிதைந்துபோவது உண்டு என்பதால் எல்லா பம்புக்கும் பஞ்சு கட்டிவைத்தேன். கடைசியில் சன்னல் பக்கத்து மேடையில் கால் ஊன்றியது, அதன் பின்னாலேயே கோமாளி மீன் ஜோடியும் குடிபோய்விட்டது. மாண்டரின் மீனுக்குத்தான் ரொம்பப் பயந்தேன். கல்லில் ஊர்கிற பொடிப் பூச்சிகளைக் கொத்தித் தின்றே வாழ்கிற மீன் அது, கடையில் வாங்குகிற இரையைப் பெரும்பாலும் சீண்டாது. கல் காய்ந்திருந்தால் அதற்குச் சோறே இல்லை. இன்று காலை காப்பியோடு உட்கார்ந்து பார்த்தேன், கல்லின் மேலே நின்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. வயிறும் ஒட்டவில்லை.

இரண்டு நாளைக்கு முன்னால் மகள் கேட்டாள், "கடல்ல இருக்கிற பவளத்தையும் இப்படி வேற இடத்துக்கு மாத்த முடியுமா?" என்று. இங்கேயே செய்திருக்கிறார்கள். துவாஸ் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்க்கிற வேலையின்போது, 2013, 2014 வாக்கில், சுல்தான் ஷோல் தீவுப் பக்கத்திலிருந்த 2,000க்கும் மேற்பட்ட பவளங்களைப் பெயர்த்து, சிஸ்டர்ஸ் தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். தூத்துக்குடியிலும் ஆராய்ச்சிக்காரர்கள் பவளத் துண்டைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலில் வைத்து வளர்க்கிறார்கள் என்று சொன்னேன். நம் ஊரில் யாரும் பவளத்தில் கை வைக்கக் கூடாது, 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது, தாத்தா காலத்தில் அதைத்தான் உடைத்து விற்றோம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தண்ணி சூடானா அங்க யாரு குளிரூட்டி போடுவா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துப்போனதை நீதான் எனக்கு எழுதினாய். சூடு தாங்காமல் பவளம் தன் சதைக்குள் இருக்கிற பாசியைத் துப்பிவிடுகிறது, அந்தப் பாசிதான் அதற்குச் சோறு, நிறமும் அதுதான். சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பி வரும். இறங்காவிட்டால் பட்டினிதான். என் தொட்டியில் 27 பாகைக்கு மேலே போனால் கருவி கூவும், நான் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவேன்.

குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தை மூடுகிற கப்பாபைகஸ் பாசியைப் பிய்க்க வனத்துறை ஆட்களோடு போய்வருவதாக எழுதியிருந்தாய். உனக்கு முதுகுவலி இருக்கிறது, குனிந்தே வேலை செய்யாதே, இடையிடையே நிமிர்ந்துகொள். ஒரு உதவியும் வேண்டும். கச்சான் காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் அவர்கள் மனோலித் தீவுப் பக்கம் போனால் நீயும் கூடப் போ. 2016இல் வெளுத்தது என்று நீ சொன்ன அந்த மான்கொம்புக் கூட்டம் இருந்த இடத்தைப் பார். எதையும் தொட வேண்டாம். பழைய கிளைகளின் அடியில் விரல் நுனி அளவுக்காவது புதிதாகத் துளிர்த்திருக்கிறதா, நுனி வெளிர் நீலமாகவோ பழுப்பாகவோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. மகளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

என் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அத்தைக்கு மூட்டுத் தைலம் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். மாமா கண்ணில் ஒரு மாதத்துக்கு உப்புத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை