தேயிலைக்கு முந்தைய ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கும் எங்கள் ஊர் வட்டவடை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள் உண்டாக்கிய ஊர் என்று எழுதியிருப்பது சரியில்லை. தோட்ட வேலைக்கு வந்ததில் குறைவு ஒன்றுமில்லை. எங்கள் கதை அது இல்லை, அவ்வளவுதான்.

மன்றோ என்ற வெள்ளைக்காரத் துரை, பின்னால் மூணாறுத் தேயிலைத் தோட்டங்கள் வந்த கண்ணன் தேவன் மலையைப் பூஞ்சாறு ராஜாவிடம் எழுதி வாங்கியது 1877-இல். எங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தது அதற்கெல்லாம் வெகு முன்னால் என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. வாய்மொழிதானே என்பீர்கள். சரி, ஊர் நடக்கிற முறையைப் பாருங்கள். மன்னாடியார், மந்திரியார் என்று ஊருக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட்டில் கங்காணி உண்டு, துரை உண்டு, மன்னாடியார் ஏது?

காய்கறிக்கு முன்பு இந்தச் சரிவுகளில் கோதுமையும் கேழ்வரகும் விளைந்தன. அப்புறம்தான் உருளைக்கிழங்கு, கோஸ், கேரட், பீன்ஸ். நடுவில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் வந்தது. கூலி மிச்சம், மரத்துக்கு ஆலை இருக்கிறது என்று நாங்களேதான் நட்டோம். ஓடைகளில் தண்ணீர் குறைந்த பிறகுதான் புத்தி வந்தது. பூண்டு மட்டும் எங்களைக் கைவிடவில்லை. பக்கத்து ஊரான காந்தளூரோடு சேர்த்து அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

யார் முதலில் வந்தார்கள் என்பது எங்களுக்கு வெட்டிப் பெருமை இல்லை. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது எங்கள் தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. வீட்டில் பேசுவது தமிழ், நிலத்தின் ரெக்கார்டு மலையாளம். 2006-இல் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதியில் 3,200 ஹெக்டேரைக் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவித்தார்கள். குறிஞ்சி எங்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் அந்த எல்லைக்குள் பாடுபடுகிறவனின் பட்டாவும், வெளியூர்ப் பெரும்புள்ளிகள் வாங்கிப்போட்டதாகச் சொல்லப்படும் போலிப் பட்டாவும் ஒரே கட்டாகக் கிடக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், நேற்று வந்தவர்கள் என்று பத்திரிகையும் எழுதினால் எங்கள் பேச்சு எங்கே எடுபடும்?

அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். நிருபர் மறுபடி வந்தால் ஹோம்ஸ்டே ஆட்களோடு பேசிவிட்டுக் கிளம்பாமல், கோவிலூரில் வயதானவர்கள் நாலு பேரையாவது உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கோவிலூர், வட்டவடை, இடுக்கி மாவட்டம்